“க்ளையன்ட் சொன்னால் போட்டுவிட வேண்டியதுதானா?” நரம்பியல் பில்லிங்கில் சிக்கிய ஒரு மெடிக்கல் கோடரின் கேள்வி

கடிதம் எழுதிய வாசகிக்கு 27 வயது. சிவகங்கைப் பக்கம் சொந்த ஊர். உயிர்வேதியியல் படித்து, மருத்துவரின் குறிப்பைக் காப்பீட்டுக் குறியீடுகளாக மாற்றும் கோடிங் வேலைக்கான சான்றிதழ்த் தேர்வு எழுதி, நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு அவரை நரம்பியல் ப்ராஜெக்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மூன்று நரம்பியல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் கிளினிக் அது. நோயாளிகளில் முதியவர்கள் அதிகம் என்பதால் பெரும்பாலும் மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) க்ளெய்ம்கள், அதாவது காப்பீட்டுப் பணத்துக்கான கோரிக்கைகள்.

அவருடைய கவலைகள் இவை. போடாக்ஸ் ஊசிக்கோ நரம்புப் பரிசோதனைக்கோ வரும் ஒவ்வொருவருக்கும் மாடிஃபயர் 25 (அதே நாளில் தனியாக ஓர் ஆலோசனையும் நடந்தது என்று சொல்லும் ஒட்டு) சேர்த்து ஒரு விசிட் கோடும் போட வேண்டும் என்று ப்ராஜெக்ட்டின் எஸ்.ஓ.பி., அதாவது செயல்முறைத் தாள், சொல்கிறது. ஈ.எம்.ஜி. எனும் தசை ஊசிப் பரிசோதனை என்றால் எப்போதும் முழுப் பரிசோதனைக்கான 95886. மைக்ரேனுக்குப் போட்ட போடாக்ஸ் க்ளெய்மைக் காப்பீட்டாளர் மறுத்து, டினையல் ஆகி வந்தால், பணத்தை வசூலிக்கும் ஏ.ஆர். டீம் “டயக்னோசிஸை ஜி43.709 (நாள்பட்ட மைக்ரேன்) என்று மாத்திக் கொடு, பணம் வந்துடும்” என்கிறது. கேட்டால் டீம் லீட், “க்ளையன்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன், போட்டுடு” என்கிறார். மனசு கேட்காமல், இதற்கு ஈடாக இருக்கட்டும் என்று, ஐந்து மாதங்களாக 99214 போட வேண்டிய விசிட்களை, பணம் குறைவான 99213 ஆகத் தானாகவே குறைத்து வருகிறார். நாளை பிரச்சினை வந்தால் ஆதாரம் வேண்டுமே என்று நாற்பது சார்ட்களை (நோயாளிக் குறிப்புகளை) மொபைலில் படமும் எடுத்து வைத்திருக்கிறார். தையில் திருமணம். மாப்பிள்ளை டெக்சாஸில் எச்1பி விசாவில் இருக்கிறார். “அக்கா, அந்த டாக்டர்கள் திருடர்களா? நானும் சேர்ந்து திருடுகிறேனா? அமெரிக்காவில் இறங்கியதும் என்னைப் பிடித்துக்கொள்வார்களா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் பயப்படும் இடத்தில் ஆபத்து குறைவு. பயப்படாமல் கடந்துபோன இரண்டு இடங்களில்தான் அதிகம். அந்த இரண்டில் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். மொபைலில் படம் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். எடுத்தவற்றை யாருக்கும் அனுப்பாதீர்கள், மாப்பிள்ளைக்கும் வேண்டாம். படங்கள் தானாக இணையச் சேமிப்புக்குப் போகும் வசதி உங்கள் போனில் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அணைத்துவிடுங்கள். பதற்றத்தில் அழித்தும் விடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. 18 ஆண்டுகளாகக் கோடிங் ஆடிட்டும் பயிற்சியும் செய்பவள். சட்டம் பற்றி இங்கே சொல்வதெல்லாம் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குத்தான்.

டாக்டர்கள் திருடர்களா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் எழுதியதில் ஒரு சிறு தகவல் என் கண்ணில் பட்டது. உங்கள் எஸ்.ஓ.பி.யின் முதல் பக்கத்தில் 2019 என்று இருப்பதாகவும், பார்க்கின்சனுக்கு இன்னும் வெறும் ஜி20 என்றே அதில் இருப்பதாகவும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான்.

2019க்குப் பிறகு நரம்பியலில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். 2020இல் நீண்டநேர ஈ.ஈ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) கோடுகள் முழுவதும் மாற்றி எழுதப்பட்டன. கருவி பொருத்துவதற்கு 95700, தொழில்நுட்பப் பகுதிக்கு 95705 முதல் 95716 வரை, மருத்துவர் படித்துப் பொருள் சொல்வதற்கு 95717 முதல் 95726 வரை. நேரம் எவ்வளவு, வீடியோ உண்டா, யாராவது கண்காணித்தார்களா என்பதை வைத்துக் கோடு மாறும். 2021இல் வெளிநோயாளி விசிட் கோடுகளின் அடிப்படையே மாறியது. 2023 ஜூலை 1 முதல் ஒரே முறை பயன்படுத்தும் குப்பியில் மருந்து மிச்சமாகாவிட்டாலும் அதைச் சொல்ல ஜே.இசட். மாடிஃபயர் கட்டாயம். 2023 அக்டோபர் 1 அன்று ஜி20 என்ற கோடு ஐந்தாகப் பிரிந்தது. டிஸ்கைனீசியா (கட்டுப்பாடின்றித் தானாக வரும் அசைவு) உண்டா, மருந்தின் வேலை ஏறி இறங்குகிறதா என்பதைப் பொறுத்து ஜி20.ஏ1, ஏ2, பி1, பி2, வகை குறிப்பிடாத பார்க்கின்சனிசம் என்றால் ஜி20.சி. வெறும் ஜி20 போட்டால் அது செல்லாத கோடு, க்ளெய்ம் திரும்பி வரும். 2025 அக்டோபர் 1 முதல் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸுக்கான (எம்.எஸ்., நரம்புறை சிதையும் நோய்) ஜி35-ம் அப்படியே பிரிந்துவிட்டது.

ஆக, உங்கள் ப்ராஜெக்ட் நடப்பது காலாவதியான ஒரு தாளை வைத்து. அதை எழுதியவர் யார், எந்த மருத்துவர் எந்தச் சூழ்நிலையில் சொன்னதை எல்லா நோயாளிக்கும் பொது விதியாக்கினார் என்று உங்கள் டீம் லீடுக்கே தெரிந்திருக்காது. நான் ஆடிட் செய்த இடங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவர் “ஊசி போடும் நாளில் வேறு பிரச்சினையும் பார்த்தால் விசிட்டையும் சேருங்கள்” என்றிருப்பார். அது நான்கு கை மாறி “ஊசி என்றால் விசிட் உண்டு” என்று ஆகியிருக்கும். நோக்கம் நல்லதாக இருந்ததால் க்ளெய்ம் சரியாகிவிடாது. ஆனால் கேட்கும்போது எதிராளியைத் திருடராக நினைத்துக் கேட்பதற்கும், தாள் பழசாகிவிட்டது என்று கேட்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு.

மாடிஃபயர் 25: எல்லோருக்கும் என்பதும் தவறு, யாருக்குமே இல்லை என்பதும் தவறு

64615, அதாவது நாள்பட்ட மைக்ரேனுக்கான போடாக்ஸ் ஊசி, சிறு செயல்முறை வகையைச் சேர்ந்தது. ஊசிக்கு முன் நலம் விசாரிப்பது, போன முறை எவ்வளவு பலன் தந்தது என்று கேட்பது, இன்று போடலாம் என்று முடிவு செய்வது எல்லாம் அந்தக் கோடுக்கான பணத்திலேயே அடங்கிவிடும். அதற்குத் தனியாக விசிட் போட்டால் ஒரே வேலைக்கு இரண்டு பில்.

இதே நோயாளி அன்று “ஒரு மாசமா வலது கை மரத்துப்போகுது டாக்டர்” என்று சொல்லி, மருத்துவர் பரிசோதித்து, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருந்தால்? அது தனி வேலை. 25 போடுவதுதான் சரி, போடாமல் விட்டால் மருத்துவர் செய்த வேலைக்குக் கூலி இல்லை. இதில் பலரும் ஒரு தப்பெண்ணம் வைத்திருக்கிறார்கள், உங்கள் கடிதத்திலும் அது இருக்கிறது: 25 போட வேறு டயக்னோசிஸ் இருந்தே ஆக வேண்டும் என்பது. அப்படி விதி இல்லை. தலைவலிக்கே ஊசியைத் தாண்டிப் பெரிய மறுஆய்வு நடந்து, தடுப்பு மருந்துகளை மாற்றி, பக்கவிளைவைப் பேசியிருந்தால் அதுவும் தகுதிதான். ஊசியைப் பற்றிய குறிப்பை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். மீதியில் ஒரு முழு விசிட் நிற்கிறதா? நின்றால் போடுங்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி இதுதான்.

நரம்புப் பரிசோதனைக்கும் இதே கதை. குடும்ப மருத்துவர் “கார்பல் டனல் இருக்கிறதா, டெஸ்ட் எடுத்துச் சொல்லுங்கள்” என்று மட்டும் அனுப்பியிருந்தால், டெஸ்டுக்காகக் கேட்ட நாலு கேள்வியும் கையைத் தொட்டுப் பார்த்ததும் டெஸ்டைச் சேர்ந்தவை.

இது வெறும் விதிப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். மெடிகேரின் வெளிநோயாளிப் பிரிவான பார்ட் பியில், வருடத் தொடக்கத்தில் நோயாளியே கட்ட வேண்டிய கழிவுத்தொகை தீர்ந்த பிறகும் அங்கீகரித்த தொகையில் 20 சதவீதத்தை நோயாளி பக்கம்தான் ஏற்க வேண்டும். துணைக் காப்பீடு இல்லாத முதியவர், நீங்கள் போடும் அந்தக் கூடுதல் விசிட்டுக்குத் தன் பென்ஷனிலிருந்து காசு எடுத்துத் தருவார். 12 வாரத்துக்கு ஒருமுறை ஊசி. வருடத்துக்கு நான்கைந்து தடவை.

ஈ.எம்.ஜி.யில் எண்ணத் தெரிய வேண்டும்

இந்த ஒரு இடத்தில் உங்கள் எஸ்.ஓ.பி. அன்றும் தவறு, இன்றும் தவறு. 95886 என்பது நரம்புக் கடத்தல் சோதனையோடு அதே நாளில் ஒரு கை அல்லது காலில் செய்யும் முழுமையான ஊசிப் பரிசோதனை. குறைந்தது ஐந்து தசைகள், அவையும் மூன்று நரம்புகளுக்கோ நான்கு தண்டுவட மட்டங்களுக்கோ உரியவையாக இருக்க வேண்டும். குறிப்பில் மூன்று தசைதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது குறைவான தசைகளுக்கான 95885. இந்தக் கோடுகள் 2012 முதலே இருக்கின்றன, 2019இல் எழுதிய தாளுக்கு இது தெரியாது என்று சொல்லவே முடியாது.

கடத்தல் சோதனையையும் ஒருமுறை சரிபாருங்கள். வலது கையில் மீடியன் மோட்டார், மீடியன் சென்சரி, அல்னர் மோட்டார், அல்னர் சென்சரி என்றால் இரண்டு நரம்புகளில் நான்கு சோதனை. கோடு 95908. மோட்டாரோடு எஃப் வேவ் என்ற கூடுதல் அளவீட்டையும் பார்த்திருந்தால் அதை ஐந்தாவதாக எண்ணக் கூடாது, மோட்டாரோடு சேர்ந்து ஒன்றுதான். இரண்டு கையிலும் செய்தால் எட்டு, 95910. மேசைக்குப் பக்கத்தில் ஒரு தாளில் நரம்பின் பெயரை எழுதி, சோதனைக்கு ஒரு கீறல் போட்டு எண்ணுங்கள். அட்டவணையைப் பார்த்து மனக்கணக்காகச் செய்யும் அனுபவசாலிகள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள்.

டயக்னோசிஸை மாற்றச் சொல்வது

மற்றவற்றுக்கெல்லாம் “தாள் பழசு” என்று இடம் கொடுத்தேன். இதற்குக் கொடுக்க மாட்டேன். பணம் வர வேண்டும் என்பதற்காக ஜி43.009ஐ (நாள்பட்டது என்று சொல்லாத மைக்ரேன்) ஜி43.709 ஆக மாற்றுவது பொய்யான க்ளெய்ம். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஆனால் இதிலும் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உதாரணமாக நீங்கள் விவரித்த சார்ட்டில், நோயாளியின் வரலாற்றுப் பகுதியில் “மாதத்துக்கு 18 நாள் தலைவலி” என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். முடிவுப் பகுதியில் “மைக்ரேன், ஆரா இல்லை” என்று மட்டும் இருக்கிறது (ஆரா என்பது தலைவலிக்கு முன் வரும் பார்வை மாற்றம் போன்ற அறிகுறி). மூன்று மாதத்துக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் தன்மையோடு என்றால் அது நாள்பட்ட மைக்ரேன். 2010 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. போடாக்ஸை அங்கீகரித்ததும் நாள்பட்ட மைக்ரேனுக்குத்தான். அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே அந்த நோய் இருக்கக்கூடும். மருத்துவருக்கு அது தெரிந்துமிருக்கும். “க்ரானிக்” என்ற ஒரு சொல்லை எழுதாமல் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருப்பார், அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லை நீங்கள் சேர்க்க முடியாது. ஏ.ஆர். டீமில் இருப்பவரும் சேர்க்க முடியாது. மருத்துவர் மட்டுமே சேர்க்கலாம். அவரிடம் கேட்பதற்குப் பெயர்தான் க்வெரி. அதையும் பதிலை அவர் வாயில் திணிக்காமல் கேட்க வேண்டும். “க்ரானிக் என்று எழுதித் தாருங்கள், இல்லையென்றால் பணம் வராது” என்பது க்வெரி ஆகாது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. இப்படி எழுதுங்கள்: “இந்தத் தேதியின் குறிப்பில் மாதம் 18 நாள் தலைவலி என்று உள்ளது. முடிவுப் பகுதியில் மைக்ரேன் என்று மட்டும் உள்ளது. உங்கள் மருத்துவக் கணிப்பின்படி இதன் வகையைத் தெளிவுபடுத்த இயலுமா? எபிசோடிக், க்ரானிக், வேறு வகை, தற்போது கூற இயலாது.” அவர் தேதியிட்டு, கையெழுத்திட்டு ஒரு சேர்க்கைக் குறிப்பு தந்தால் அதை வைத்துத் திருத்திய க்ளெய்ம் அனுப்பலாம். ஊசி போட்டு ஆறு மாதம் கழித்து, டினையல் வந்த பிறகு எழுதும் சேர்க்கைக் குறிப்பைக் காப்பீட்டாளர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஆகவே க்வெரி, க்ளெய்ம் போவதற்கு முன்பே போக வேண்டும்.

நரம்பியலில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே நோயைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். “எம்.எஸ். ஆக இருக்கலாம்”, “வலிப்பு நோயா என்று பார்க்க வேண்டும்” என்று குறிப்புகள் நிறைந்திருக்கும். வெளிநோயாளி கோடிங்கில் “இருக்கலாம்” என்பதை நோயாகப் போடக் கூடாது, அறிகுறியைத்தான் போட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, பழைய ஐ.சி.டி. 9 நோய்க் குறியீடுகள் இருந்த காலத்தில், “ரூல் அவுட்” (இந்த நோய் இல்லை என்று உறுதிசெய்ய) என்றிருந்த ஒருவருக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் கோடான 340 போட்டேன். ஆடிட்டில் பிடித்தார்கள், திருத்தினோம். அந்த மனிதருக்கு வந்திருந்தது வேறு ஏதோ என்று பிறகு வந்த குறிப்பில் தெரிந்தது. இடையில் இருந்த நான்கு மாதமும் அவருடைய காப்பீட்டு ஆவணத்தில் அவர் எம்.எஸ். நோயாளி. வலிப்பும் அப்படித்தான். ஒரே ஒரு முறை வந்த வலிப்புக்கு ஆர்56.9. “சீஷர் டிஸார்டர்” என்று மருத்துவர் எழுதினால் ஜி40.909, அதாவது எபிலெப்சி. அமெரிக்காவில் கார் ஓட்டும் உரிமை வரைக்கும் தொடும் சொல் அது.

நீங்கள் செய்த தவறு

இப்போது, பிறகு பேசலாம் என்று சொன்ன இரண்டாவது விஷயம். விசிட் கோடுகளைக் குறைத்தீர்களே, அதைப் பிராயச்சித்தம் போல நினைத்திருக்கிறீர்கள். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அதுவும் தவறான கோடிங்தான். 95886 அதிகமாகப் போன நோயாளி ஒருவர், 99213 ஆகக் குறைந்த நோயாளி இன்னொருவர். ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கில் நேர் செய்ய முடியாது. ஆடிட்டில் இது தெரிந்தால் “இவர் குறிப்பைப் படிக்காமல் கோட் போடுகிறார்” என்றுதான் எழுதுவார்கள். அதன்பின் 25 பற்றி நீங்கள் எழுப்பும் நியாயமான கேள்விக்கும் மதிப்பிருக்காது.

நீங்கள் குறைத்ததற்குச் சொன்ன காரணமும் சரியில்லை. “டாக்டர் பதினைந்து நிமிஷம்தான் பார்த்திருக்கிறார், எப்படி 99214?” என்கிறீர்கள். 2021 முதல் நேரத்தை வைத்தும் போடலாம், மருத்துவ முடிவின் சிக்கலை வைத்தும் போடலாம். நேரத்தை வைத்தால் 99214க்கு அன்றைய தேதியில் மருத்துவர் செலவிட்டது 30 நிமிடமாவது வேண்டும். சிக்கலை வைத்தால் நேரம் கணக்கே இல்லை. வலிப்பு நோயாளி, மருந்து சாப்பிட்டும் போன மாதம் ஒரு முறை வலிப்பு வந்தது, லெவெட்டிராசெட்டம் அளவைக் கூட்டினார். கட்டுக்குள் வராத நாள்பட்ட நோய் ஒன்று, மருந்து மேலாண்மை ஒன்று. நோய், தரவு, ஆபத்து என்ற மூன்று கூறுகளில் இரண்டு மிதமான சிக்கலை எட்டிவிட்டன. அது நியாயமான 99214. நரம்பியல் மருத்துவர்களின் வேலையில் பெரும்பகுதி யோசிப்பதும் பேசுவதும்தான். அதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் கோடுகள் இவ்வளவே.

ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். மருத்துவர் தானே ஈ.ஈ.ஜி.யைப் படித்து அதற்குத் தனியாக பில் போட்டிருந்தால், அந்த ஈ.ஈ.ஜி.யை விசிட்டின் தரவுக் கூறில் எண்ணக் கூடாது. படித்த நேரத்தையும் விசிட் நேரத்தில் சேர்க்கக் கூடாது. இது நரம்பியலில் அடிக்கடி நடக்கும் இரட்டை எண்ணல். உங்கள் சார்ட்களில் இதைத் தேடிப் பாருங்கள்.

குறைத்த விசிட்களைப் பற்றி உங்கள் க்யூ.ஏ.விடம், அதாவது தரச் சோதனை செய்பவரிடம், நீங்களே போய்ச் சொல்லுங்கள். மெடிகேருக்கு க்ளெய்ம் அனுப்பும் கெடு சேவைத் தேதியிலிருந்து ஓர் ஆண்டு. ஐந்து மாதம்தான் ஆகியிருப்பதால் திருத்த வழி இருக்கிறது. இன்க்ரிமென்ட் பாதிக்கலாம், ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரலாம். அவர்களாகக் கண்டுபிடித்தால் வருவதைவிட அது சிறியது.

சட்டம் யாரைத் தொடும்?

அமெரிக்காவில் ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் ஆக்ட் என்று ஒரு சட்டம். உள்நாட்டுப் போரின்போது, 1863இல், ராணுவத்துக்கு மட்டமான பொருள் விற்றவர்களைப் பிடிக்கக் கொண்டுவந்தது. இன்று மருத்துவ பில்லிங்கில்தான் அதற்கு அதிக வேலை. அரசு இழந்த தொகையைப் போல மூன்று மடங்கும், ஒவ்வொரு க்ளெய்முக்கும் தனி அபராதமும் விதிக்கலாம். அது “தெரிந்தே” என்று சொல்வதில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதும், பொறுப்பில்லாமல் அலட்சியம் செய்வதும் அடங்கும். ஆகவே “க்ளையன்ட் சொன்னார், நான் போட்டேன்” என்பது கேடயம் ஆகாது. கிளினிக்குக்கும் ஆகாது, உங்கள் நிறுவனத்துக்கும் ஆகாது. பில்லிங் நிறுவனங்களும் வழக்கில் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

உங்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அந்தப் பணத்தில் உங்களுக்குப் பங்கில்லை, க்ளெய்மை முடிவு செய்து அனுப்புவதும் நீங்கள் இல்லை, சந்தேகம் வந்ததும் டீம் லீடிடம் கேட்டிருக்கிறீர்கள். வாயால் கேட்டதுதான் குறை. இனி எழுத்தில் கேளுங்கள். விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயத்தை விடுங்கள். விசா விண்ணப்பத்தில் கைது, தண்டனை பற்றிக் கேட்பார்கள். வேலையில் கேள்வி எழுப்பியதைக் கேட்பதில்லை. ஆனால் இன்றோடு நீங்கள் இதை அறிந்தவர். நாளை முதல் தெரிந்தே டயக்னோசிஸை மாற்றினால் மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தத் தொடங்கும்.

இப்போது படங்களுக்கு வருவோம். அவை நோயாளிகளின் பெயர், பிறந்த தேதி, நோய் எல்லாம் உள்ள ஆவணங்கள். நோயாளித் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டத்தின் கீழ், க்ளையன்ட்டோடு போட்ட ஒப்பந்தம் மூலம் உங்கள் நிறுவனம் அவற்றைக் காக்கக் கடமைப்பட்டது. உங்கள் பணி ஒப்பந்தத்திலும் அது இருக்கும். அவை வெளியே கசிந்து, தவறான ஆதாயத்துக்கோ இழப்புக்கோ என்று நிரூபணமானால், நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ பிரிவில் இருபத்தைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். தவறான செயலை வழக்கறிஞரிடமோ உரிய அரசுக் கண்காணிப்பு அமைப்பிடமோ நல்லெண்ணத்தோடு காட்டுவதற்கு ஹிப்பா ஒரு வாசல் வைத்திருக்கிறது. தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அந்த வாசல் இல்லை. வைத்திருப்பதா, ஒப்படைப்பதா, அழிப்பதா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் நேரில் கேட்டு முடிவு செய்யுங்கள். அழித்தால் ஆதாரத்தை அழித்தார் என்பார்கள், வைத்திருந்தால் கசியவிட்டார் என்பார்கள். அதனால்தான் முதல் பத்தியிலேயே கை வைக்காதீர்கள் என்றேன்.

இனி எப்படிக் கேட்பது

க்ளெய்ம் எண்கள் போதும், படம் தேவையில்லை. நிறுவனத்தின் மின்னஞ்சலில், நிறுவனத்தின் கணினியிலிருந்து, டீம் லீடுக்கும் க்யூ.ஏ.வுக்கும் சேர்த்து எழுதுங்கள். ‘எஸ்.ஓ.பி. 2019ஐச் சேர்ந்தது, அதன் பிறகு வந்த மாற்றங்கள் இவை, கீழ்க்காணும் பத்து க்ளெய்ம்களில் 25க்கும் 95886க்கும் குறிப்பில் ஆதாரம் காணவில்லை, வழிகாட்டவும்’ என்ற அளவில் நிறுத்துங்கள். மோசடி என்ற சொல்லே வேண்டாம். கேள்வியாக வைத்தால் க்யூ.ஏ. பதில் எழுதியாக வேண்டும். குற்றச்சாட்டாக வைத்தால் முதலில் உங்களைத்தான் ப்ராஜெக்ட்டிலிருந்து நகர்த்துவார்கள்.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே அஞ்சலை, விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு அனுப்புங்கள். அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகமான ஓ.ஐ.ஜி., 1998இலேயே பில்லிங் நிறுவனங்களுக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. க்ளையன்ட்டின் க்ளெய்மில் தவறு என்று தெரிந்தால் அதை அனுப்பாமல் நிறுத்தி, க்ளையன்ட்டுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் கம்ப்ளையன்ஸ் அதிகாரி அதைப் படித்திருப்பார். கிளினிக்குக்கும் இதில் நன்மை உண்டு. கூடுதலாக வாங்கிய மெடிகேர் பணத்தைக் கண்டறிந்தால் 60 நாளுக்குள் தெரிவித்துத் திருப்ப வேண்டும் என்பது விதி. தானாகத் திருப்பிய கிளினிக்குக்கும், பிடிபட்ட கிளினிக்குக்கும் நிலைமை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உள்ளே எல்லாக் கதவும் அடைத்தால் ஓ.ஐ.ஜி.யின் புகார் வழி இருக்கிறது, யாரும் எழுதலாம். அரசின் சார்பில் தனிநபரே வழக்குத் தொடர்ந்து, மீட்கும் தொகையில் பங்கு பெறும் ஏற்பாடும் ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் ஆக்டில் உண்டு. அதைக் கேள்விப்பட்டு ஆசைப்பட்டு இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் இழுக்கும், அமெரிக்க வழக்கறிஞர் இல்லாமல் நடக்காது. நீங்கள் எழுதிய அளவில் உங்களுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்து க்ளெய்மோடு ஒரு நல்ல மின்னஞ்சல் பலமுறை வேலையை முடித்துவிடுகிறது.

பதில் வரும்வரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆதாரம் இல்லாத சார்ட்டை ஹோல்டில் போட்டு, க்வெரி எழுப்புங்கள். டார்கெட் குறையும். ஒரு மாதம் குறையட்டும். “நீயே போடு” என்று கட்டாயப்படுத்தினால், அந்த உத்தரவை அவர் கைப்பட மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலும் அது வராது. வந்தால் அதையே கம்ப்ளையன்ஸுக்கு அனுப்புங்கள்.

திங்கட்கிழமை முதலில் க்யூ.ஏ.விடம் அந்த 99213 விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு மின்னஞ்சல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாப்பிள்ளையிடமும் விஷயத்தை, நோயாளி விவரம் எதுவும் இல்லாமல், வாயால் சொல்லி வையுங்கள். தனியாகச் சுமந்துகொண்டு கல்யாண வேலை பார்க்க வேண்டாம். க்வெரிக்கு மருத்துவர் என்ன பதில் தந்தார் என்று எனக்கு எழுதுங்கள். அதை எப்படிக் கோடாக்குவது என்று குழப்பம் வந்தாலும் கேளுங்கள், பெயர், தேதி, எண் எதுவும் இல்லாமல்.